ஹரிக்கேனுக்குப் பின் பள்ளி எப்போது திறக்கும்? வட கரோலினாப் பெற்றோர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் என்ற ஹரிக்கேன் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைப் புரட்டிப் போட்டது. அதில் மிகுதியாக அடிபட்டது கடற்கரை அன்று. வட கரோலினாவின் மேற்கு மலைப்பகுதி. அங்குள்ள ஆஷ்வில் நகரிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி, மாநிலத் தலைநகரான ராலே பக்கத்தில் நான் வசிக்கிறேன். வார இறுதித் தமிழ் வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும், மலைப்பகுதிக்கு வேலை மாறிப் போயிருந்த நண்பர்களும், ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்த உறவினர்களும் அந்த மாதங்களில் என்னிடம் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. அடுத்த புயல் பருவத்திலும் அவற்றையே கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் அரசு ஊழியர் அல்லேன், வழக்கறிஞரும் அல்லேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட கரோலினாவைச் சேர்ந்தவை. டெக்சாஸ், ஃபுளோரிடா, லூசியானா மாநிலங்களின் அனுபவம் தேவைப்படும் இடங்களில் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

ஹரிக்கேன் என்பதும் நம் ஊர்ப் புயலும் ஒன்றுதானா?

ஒன்றுதான். வங்கக்கடலில் உருவானால் புயல் என்கிறோம். அட்லாண்டிக் பெருங்கடலிலோ மெக்சிகோ வளைகுடாவிலோ உருவாகி, நீடித்த காற்று மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் ஹரிக்கேன் என்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அதன் பருவம். அபாயமான காற்று வருவதற்கு ஏறத்தாழ 48 மணி நேரம் முன்னதாகக் ‘கண்காணிப்பு’ அறிவிப்பும், 36 மணி நேரம் முன்னதாக ‘எச்சரிக்கை’ அறிவிப்பும் மயாமியில் உள்ள தேசிய ஹரிக்கேன் மையத்திலிருந்து வரும்.

ஒன்று முதல் ஐந்து வரை சொல்லப்படும் வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே குறிக்கிறது. மழை எவ்வளவு பெய்யும், ஆறு எவ்வளவு உயரும் என்பது அந்த எண்ணில் இல்லை. ஹெலீன் ஃபுளோரிடாவில் கரை கடந்தபோது நான்காம் வகை. வட கரோலினா மலைக்கு வந்தபோது காற்று வலுவிழந்து, அது ஹரிக்கேன் என்ற பெயருக்கே தகுதி இழந்திருந்தது. ஆனால் யான்சி கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு) உள்ள பஸிக் என்ற சிற்றூரில் மூன்று நாள்களுக்குள் ஏறத்தாழ 78 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ‘நாம் கடலோரத்தில் இல்லையே’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு நான் இந்த ஒரு செய்தியைத்தான் சொல்வது வழக்கம்.

நாளைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று யார் அறிவிப்பார்கள்? கவர்னரா?

இல்லை. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துப் பழகிய நமக்கு இது முதலில் விளங்காது. இங்கே வருவாய் மாவட்டம் வேறு, பள்ளி மாவட்டம் வேறு. வட கரோலினாவில் 115 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்விக்குழுவும் அக்குழு நியமிக்கும் சூப்பரின்டெண்டென்ட் என்ற தலைமை நிர்வாகி ஒருவரும் இருக்கிறார்கள். பள்ளியை மூடுவதும், தாமதமாகத் திறப்பதும், முன்னதாகவே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதும் அந்த அலுவலகத்தின் முடிவு. ஆஷ்வில் நகரப் பள்ளிகள் ஒரு மாவட்டம்; அந்நகரைச் சூழ்ந்துள்ள பங்கம் கவுண்டியின் பள்ளிகள் இன்னொரு மாவட்டம். ஒரே தெருவின் இரு முனைகளில் இருக்கும் வீடுகளுக்கு இரு வேறு அறிவிப்புகள் வரக்கூடும்.

மழை இன்னும் தொடங்கவே இல்லை, ஏன் மூடிவிட்டார்கள் என்றும் கேட்பார்கள். மஞ்சள் பேருந்துகள் உயரமானவை, பலத்த பக்கக் காற்றில் அவற்றை ஓட்ட முடியாது. மாலையில் காற்று வலுக்கும் என்று தெரிந்தால், காலையில் பிள்ளைகளை அழைத்து வந்துவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட முடியாமல் திண்டாடுவதைவிட, ஒரு நாள் முன்னதாகவே மூடிவிடுகிறார்கள். சில பள்ளிகளை முகாம்களாக மாற்றவும் அந்த ஒரு நாள் தேவைப்படும்.

அப்படியானால் கவர்னர் அறிவிக்கும் அவசரநிலைக்கு என்ன பொருள்? வெளியே போகக் கூடாதா?

அவசரநிலை என்ற சொல்லே நம்மவர்களைக் கலவரப்படுத்துகிறது. 1975ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆளுநர் என்ற சொல்லும் அப்படித்தான் குழப்பும்: இங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நம் முதலமைச்சரின் இடத்தில் இருப்பவர். அவர் அவசரநிலை அறிவித்த உடனே சட்டத்தின் சில பூட்டுகள் திறக்கின்றன. தேசியக் காவல்படையை அழைக்கலாம். மின்கம்பம், எரிபொருள், குடிநீர் ஏற்றிவரும் சரக்குந்து ஓட்டுநர்களுக்கான நேரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம். தண்ணீர் பாட்டிலையும் ஜெனரேட்டரையும் கொள்ளை விலைக்கு விற்பவர்கள் மீது வழக்குப் போடலாம். அப்போதைய ஆளுநர் ராய் கூப்பர் செப்டம்பர் 25 அன்றே அறிவித்துவிட்டார். ஹெலீன் கரை கடந்தது 26ஆம் தேதி இரவில்.

இன்னொரு வேலையையும் ஆளுநர்தான் செய்ய வேண்டும். 1988ஆம் ஆண்டின் ஸ்டாஃபோர்ட் சட்டப்படி, பேரிடர் மாநிலத்தின் சக்தியை மீறியது என்று கூறிக் குடியரசுத் தலைவரிடம் உதவி கோர வேண்டியவர் அவரே. அந்தக் கோரிக்கை ஏற்கப்பட்ட பின்னர்தான் ஃபெமா என்ற கூட்டாட்சிப் பேரிடர் முகமையின் பெருந்தொகை நகரும். பக்கத்து மாநிலங்களிலிருந்து மீட்புக் குழுக்களும் ஹெலிகாப்டர்களும் வருவதற்கு மாநிலங்களுக்கிடையே ஒரு நிலையான உடன்பாடு உண்டு. 1992இல் ஆண்ட்ரூ ஹரிக்கேனில் பட்ட பாட்டில் தென் மாநிலங்கள் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்கு 1996இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.

பள்ளிக்கூடத்தையே ஏன் முகாமாக்குகிறார்கள்? வேறு இடம் இல்லையா?

பெரிய கூடம், நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் அடுக்களை, வரிசையாகக் கழிப்பறைகள், பரந்த வாகன நிறுத்தம், ஊரில் எல்லோருக்கும் வழி தெரிந்த முகவரி: இவை ஐந்தும் ஒருசேர இருக்கும் பொதுக் கட்டடம் பெரும்பாலான ஊர்களில் பள்ளி ஒன்றுதான். ஃபுளோரிடா ஒரு படி மேலே போயிருக்கிறது. அங்கே 1997 முதல் புதிதாகக் கட்டும் பள்ளிகளில், விதிவிலக்கு பெறாதவற்றில், ஒரு பகுதியையாவது பலத்த காற்றைத் தாங்கும் புகலிடமாகக் கட்ட வேண்டும். முகாமை நடத்துவது கவுண்டி நிர்வாகமும் செஞ்சிலுவைச் சங்கமும். பல இடங்களில் பள்ளி ஊழியர்களும் முறை வைத்து இரவில் காவலிருக்கிறார்கள்.

சிக்கல் பிறகுதான் வருகிறது. கூடைப்பந்துக் கூடத்தில் மடக்குக் கட்டில்கள் கிடக்கும்வரை பள்ளியைத் திறக்க முடியாது. கட்டிலில் படுத்திருப்பவருக்குப் போக வீடு கிடையாது. ‘எங்கள் பிள்ளையின் படிப்பு கெடுகிறது, அவர்களை எப்போது அனுப்புவார்கள்?’ என்று என்னிடம் ஒருவர் கேட்டார். அந்த முகாமில் இருந்த குடும்பங்களுக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டு என்று மட்டும் சொன்னேன். நடைமுறையில், பல சிறு முகாம்களை ஒன்றாக்கித் தேவாலயங்களுக்கோ சமுதாயக் கூடங்களுக்கோ மாற்றிப் பள்ளிகளை விடுவிப்பார்கள்.

ஆஷ்வில்லில் பல பள்ளிக் கட்டடங்கள் நன்றாகத்தானே நின்றன? பிறகு ஏன் ஒரு மாதம் திறக்கவில்லை?

எனக்கு மிக அதிகமாக வந்த கேள்வி இது. விடை ஒரே சொல்: தண்ணீர். நகருக்கு நீர் தரும் முதன்மை நீர்த்தேக்கத்திலிருந்து வரும் பெருங்குழாய்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. மாற்றுக்காக ஆழத்தில் புதைத்திருந்த குழாயும் தப்பவில்லை. அக்டோபரில் படிப்படியாகக் குழாயில் நீர் வரத் தொடங்கியபோது அது கலங்கலாக இருந்தது, குடிக்க உதவாது. காய்ச்ச வேண்டிய தேவையில்லை என்ற அறிவிப்பு நவம்பர் 18 அன்றுதான் வந்தது. இடையில் 53 நாள்கள்.

குடிக்கப் பாட்டில் நீர் கொடுத்துவிடலாமே என்பார்கள். கொடுத்தார்கள். ஆனால் அறுநூறு பிள்ளைகள் இருக்கும் ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள்: கழிப்பறைக்கு நீர் வேண்டும், கை கழுவ வேண்டும், சமைத்த பாத்திரங்களைக் கழுவ வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தீப்பிடித்தால் கூரையிலிருந்து நீர் தெளிக்கும் குழாய்களில் அழுத்தம் இருக்க வேண்டும். அது இல்லாத கட்டடத்தில் பிள்ளைகளை உட்காரவைக்கத் தீயணைப்பு விதி எளிதில் இடம் கொடுக்காது. ஆகவே நகர மாவட்டம் பள்ளி வளாகங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டத் தொடங்கியது. தஞ்சைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, ‘அமெரிக்காவில் போர் போடுகிறார்களா!’ என்று வியந்தார். கிணற்று நீரும் லாரி நீரும் வந்த பிறகே, அக்டோபர் இறுதியில், நகரப் பள்ளிகளும் கவுண்டிப் பள்ளிகளும் திறந்தன. நவம்பரில் சில பள்ளிகளின் குழாய்நீரில் ஈயம் இருப்பது சோதனையில் தெரியவந்தது. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரையாமல் தடுக்கச் சேர்க்கும் மருந்தை, நீர் கலங்கியிருந்த வாரங்களில் நகரத்தால் சேர்க்க இயலவில்லை. பிள்ளைகள் அதுவரை பாட்டில் நீரையே குடித்துவந்தது நல்லதாகப் போயிற்று.

தண்ணீர் தவிரச் சாலைகளும் உண்டு. மலைப்பகுதியில் ஒரு பாலம் போனால் ஐந்து நிமிட வழி ஒரு மணி நேர வழியாகிவிடும். பேருந்து திரும்புவதற்கு இடம் இருக்கிறதா, சரிந்த மண் உறுதியாக நிற்கிறதா என்று ஒவ்வொரு தடத்தையும் ஓட்டிப் பார்த்துப் புதிதாக வரைந்தார்கள். ஆசிரியர்களில் பலர் வீடிழந்திருந்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். கட்டடம் இருந்தும் பாடம் நடத்த ஆள் வர முடியவில்லை என்றால் அது பள்ளி ஆகாது.

வெள்ளம் புகுந்த வகுப்பறையைக் கழுவித் துடைத்துவிட்டு நடத்தக் கூடாதா?

நம் ஊர் செங்கல் சுவரும் சிமென்ட் தரையும் அதற்குத் தாங்கும். இங்கே உள்சுவர்கள் பெரும்பாலும் ஜிப்சம் பலகை, அதற்குப் பின்னால் பஞ்சு போன்ற காப்புப் பொருள், தரையில் பல இடங்களில் கம்பளம். நனைந்தவை ஓரிரு நாள்களில் காயாவிட்டால் பூஞ்சை படரத் தொடங்கும். அதனால் நீர்க்கோட்டுக்கு மேலே ஓர் அளவு விட்டு, சுவர் முழுக்கப் பலகையை அறுத்து எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் மரச்சட்டங்களைப் பெரிய விசிறிகளால் உலர்த்தி, ஈரப்பதத்தை அளந்து பார்த்த பிறகே புதுப்பலகை அடிக்கிறார்கள். வெள்ள நீரில் சாக்கடையும் எரிபொருளும் கலந்திருக்கும் என்பதால் நனைந்த புத்தகங்களையும் மேசைகளையும் வெளியே எறிந்துவிடுகிறார்கள். பார்க்க வீண்செலவாகத் தோன்றும். ஆஸ்துமா உள்ள ஒரு பிள்ளை பூஞ்சை பிடித்த அறையில் ஒரு பருவம் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை யோசித்தால் அப்படித் தோன்றாது.

இழந்த நாள்களைச் சனிக்கிழமை வைத்து ஈடுகட்டுவார்களா? கோடை விடுமுறை போய்விடுமா?

வட கரோலினாச் சட்டம் ஓராண்டுக்கு 185 நாள்கள் அல்லது 1,025 மணி நேரக் கற்பித்தலைக் கேட்கிறது. பெரும்பாலான மாவட்டங்கள் மணிக்கணக்கையே பின்பற்றுகின்றன. கணக்கில் சிறிது உபரியும் வைத்திருக்கின்றன. சிறு புயலுக்கு அந்த உபரி போதும். போதாவிட்டால் ஆசிரியர் பணிநாள்களையும் விடுமுறைகளையும் எடுத்துக்கொள்வார்கள், அல்லது அன்றாடம் சில நிமிடங்கள் கூட்டுவார்கள்.

ஒரு மாத இழப்பு அதில் அடங்காது. அங்கேதான் மாநிலச் சட்டமன்றம் வருகிறது. 2024 அக்டோபர் 10 அன்று கையெழுத்தான பேரிடர் மீட்புச் சட்டம் 27.3 கோடி டாலரை ஒதுக்கியதோடு, பாதிக்கப்பட்ட கவுண்டிகளின் பள்ளிகள் இழந்த நாள்களை ஈடுகட்டவோ, நடந்து முடிந்தவையாகவே கணக்கில் கொள்ளவோ வழி செய்தது. கணக்கில் மன்னித்துவிடலாம், பாடத்தில் மன்னிக்க முடியாது. நாலாம் வகுப்பில் பின்னம் நடத்த வேண்டிய மூன்று வாரங்கள் காணாமல் போயிருந்தால், ஐந்தாம் வகுப்பில் அது தெரியத்தான் செய்யும். ‘எந்தப் பாடங்கள் விடுபட்டன?’ என்று ஆசிரியரிடம் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

கொரோனா காலத்தில் ஆன்லைனில் நடத்தினார்களே, இப்போது ஏன் முடியாது?

கொரோனா காலத்தில் மின்சாரமும் இணையமும் இருந்தன. ஹெலீனுக்குப் பின் மலைக் கவுண்டிகளில் கைபேசிக் கோபுரங்கள்கூடப் பல நாள் இயங்கவில்லை. ஓரிரு நாள் மூடுவதற்கு இணையவழிக் கல்வி உதவும். அதற்கும் மாநிலச் சட்டம் ஆண்டுக்குச் சில நாள்கள் என்ற வரம்பு வைத்திருக்கிறது.

ஆண்டுத் தேர்வை ரத்து செய்வார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு நடத்த வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். மாநிலம் தனியே அதை நீக்க முடியாது. பள்ளியை மதிப்பிடும் முறையில் சலுகை தரலாம். 2017இல் ஹார்வி ஹரிக்கேனுக்குப் பின் டெக்சாஸ் பல பள்ளிகளுக்கு அவ்வாண்டு தர மதிப்பீடே வழங்காமல் விட்டது.

மதிய உணவு என்ன ஆகும்? சலுகைக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டுமா?

வீடிழந்த மாணவர் வீடற்றவராகக் கருதப்படுவார். அந்தப் பட்டியலில் பெயர் சேர்ந்தாலே பள்ளி உணவு இலவசம்; வருமானச் சான்று வேண்டியதில்லை. ஹார்விக்குப் பின் ஹூஸ்டன் மாவட்டம் விதிவிலக்கு பெற்று, அந்தக் கல்வியாண்டு முழுவதும் எல்லா மாணவர்களுக்கும் உணவை இலவசமாக்கியது. மூடியிருக்கும் நாள்களில் பள்ளி அடுக்களைகள் சும்மா இருப்பதில்லை. மின்சாரம் போனவுடன் குளிர்பதன அறையில் இருப்பதைச் சமைத்துக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குப்பைக்குத்தான் போகும்.

அந்த அடுக்களையில் வேலை செய்பவர்களில் பலர் மணிக்கணக்கில் கூலி பெறுபவர்கள். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியருக்கு மூடிய நாளில் ஊதியம் பெரும்பாலும் தொடரும், இவர்களுக்கு நின்றுவிடும். ஹெலீனுக்குப் பிந்தைய நிவாரணச் சட்டங்களில் பள்ளி உணவுப் பணியாளர்களின் ஊதிய இழப்புக்கென நிதி ஒதுக்கப்பட்டது. செய்தித்தாள்களில் இது பெரிதாக வரவில்லை, வந்திருக்க வேண்டும்.

நாங்கள் நண்பர் வீட்டுக்கு வேறு ஊர் போய்விட்டோம். பிள்ளையின் தடுப்பூசி அட்டை, மதிப்பெண் பட்டியல் எதுவும் கையில் இல்லை. அங்குள்ள பள்ளி சேர்த்துக்கொள்ளுமா?

சேர்த்துக்கொள்ள வேண்டும், உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1987ஆம் ஆண்டின் மெக்கின்னி-வென்டோ சட்டப்படி, வீடிழந்து நண்பர் உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் குழந்தையும் வீடற்ற மாணவரே. ஆவணங்கள், தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று எதுவும் இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. அப்பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடர விரும்பினால், அது பிள்ளைக்கு நல்லது என்று கருதப்படும்போது, போக்குவரத்தும் செய்து தர வேண்டும். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கென்று ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். வரவேற்பு மேசையில் இருப்பவர் ‘ஆவணம் இல்லாமல் முடியாது’ என்றால் வாதாட வேண்டாம். மெக்கின்னி-வென்டோ அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நம் குடும்பம் ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சொன்ன பத்தாவது நிமிடத்தில் சேர்க்கைப் படிவம் கைக்கு வந்தது.

நம்மவர்கள் இங்கே தயங்குகிறார்கள். ‘வீடற்றவர்’ என்று படிவத்தில் எழுதக் கூச்சம். அது சட்டத்தின் சொல், நம் மானத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று. 2005இல் கத்ரீனா அடித்தபோது லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களில் ஏறத்தாழ 3,70,000 பள்ளிப் பிள்ளைகள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களை மற்ற மாநிலங்களின் பள்ளிகள் ஆவணம் கேட்காமல் சேர்த்துக்கொண்டன. சேர்த்துக்கொண்ட பள்ளிகளுக்கு மாணவர் ஒருவருக்கு 6,000 டாலர் வரை, மாற்றுத்திறன் மாணவராயின் 7,500 டாலர் வரை, நாடாளுமன்றம் தந்தது.

நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம். உதவி வாங்கினால் கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமா?

இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் குடியேற்ற நிலை தடையாகாது. 1982இல் உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் அளித்த தீர்ப்பு அது. முகாமில் தங்குவது, உணவு, குடிநீர், மீட்பு ஆகிய அவசர உதவிகளும் எல்லோருக்கும் உரியவை.

ஃபெமா தரும் ரொக்க உதவி வேறு. அது குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளோர் முதலிய சில பிரிவினருக்கும் மட்டுமே. எச்-1பி வேலை விசாவும் எஃப்-1 மாணவர் விசாவும் அந்தப் பிரிவுகளில் சேரா. ஆனால் இங்கே பிறந்த பிள்ளை குடிமகனாக இருந்தால், அப்பிள்ளையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம் என்பது நெடுங்கால விதி. கிரீன் கார்டு விண்ணப்பத்தின் மீதான விளைவைப் பொறுத்தவரை, குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுவதால், கையெழுத்துப் போடுமுன் உங்கள் வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள். வாட்ஸாப் குழுவைக் கேட்காதீர்கள்.

இடிந்த பள்ளியைக் கட்டப் பணம் யார் கொடுக்கிறார்கள்? ஃபெமா முழுவதையும் கொடுத்துவிடுமா?

முதலில் காப்பீடு. அது போக எஞ்சியதில் குறைந்தது 75 விழுக்காட்டை ஃபெமா ஏற்கும். மீதி மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும். வெள்ள அபாயப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் இருந்தும் வெள்ளக் காப்பீடு எடுக்காத பள்ளிக்கு, காப்பீடு இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையை ஃபெமா கழித்துவிடும். ஹெலீனுக்கு, இடிபாடு அகற்றுவது போன்ற அவசரப் பணிகளுக்கான செலவு முழுவதையும் முதல் ஆறு மாதத்துக்குக் கூட்டாட்சி அரசு ஏற்றது. அதை நீட்டிக்குமாறு அடுத்து வந்த ஆளுநர் ஜாஷ் ஸ்டைனின் அரசு விடுத்த கோரிக்கை 2025இல் மறுக்கப்பட்டது. மாநிலத்தின் மொத்தச் சேதம் 5,960 கோடி டாலர் என்று அதன் வரவுசெலவு அலுவலகம் கணக்கிட்டிருந்த நிலையில் அந்த மறுப்பு சிறியதன்று.

பலரும் அறியாத செய்தி என்னவென்றால், இந்தப் பணம் முன்பணமாக வருவது அரிது. பள்ளி மாவட்டம் முதலில் தன் கையிருப்பிலிருந்தோ கடன் வாங்கியோ செலவழிக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளி, பட்டியல், நிழற்படம், வருகைப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பிறகு திரும்பப் பெற வேண்டும். வசதியான மாவட்டம் இதைத் தாங்கும். மலைக்குள் இருக்கும் ஏழைக் கவுண்டி தாங்காது. மாநில அரசின் பங்கு எது என்று என்னைக் கேட்டால், ஹெலிகாப்டரைவிட முக்கியமானதாக இந்த இடைக்கால நிதியைத்தான் சொல்வேன். நியூ ஆர்லியன்ஸ் பள்ளிகளுக்கான 180 கோடி டாலர் ஃபெமா தீர்வு எட்டப்பட்டது 2010 ஆகஸ்டில். கத்ரீனா அடித்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. அன்று ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் அரசுப் பள்ளிகளையே எடுத்துத் தனியாரிடம் கொடுத்துவிட்டார்களாமே? இங்கேயும் அப்படி நடக்குமா?

‘தனியாரிடம்’ என்பது முழுக்கச் சரியன்று. 2005 நவம்பரில் லூசியானாச் சட்டமன்றம் இயற்றிய 35ஆம் எண் சட்டத்தின்படி, நகரின் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை உள்ளூர்க் கல்விக்குழுவிடமிருந்து மாநிலம் எடுத்துக்கொண்டது. தேர்வு மதிப்பெண் மாநிலச் சராசரிக்குக் கீழே இருந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பின்னர் அவை படிப்படியாகச் சார்ட்டர் பள்ளிகளாயின. கட்டணம் இல்லை, பணம் அரசுடையது, நிர்வாகம் தனி அமைப்புகளுடையது. ஆசிரியர்கள் உட்பட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலை நீக்கப்பட்டார்கள். அவர்கள் தொடுத்த வழக்கு 2014இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பள்ளிகள் 2018 ஜூலையில் மீண்டும் உள்ளூர்க் குழுவின் மேற்பார்வைக்கு வந்தன, சார்ட்டர் முறை மாறாமலே.

மதிப்பெண்கள் உயர்ந்தன என்பது உண்மை. நீக்கப்பட்ட ஆசிரியர்களில் பெரும்பாலோர் அந்நகரின் கறுப்பினப் பெண்கள் என்பதும், வெளியேறிச் சிதறியிருந்த பெற்றோர் கருத்துச் சொல்லத் திரும்பி வருமுன்பே முடிவு எடுக்கப்பட்டது என்பதும் உண்மை. என்னைப் பொறுத்தவரை, முடிவின் நன்மை தீமையைவிட அந்த வேகம்தான் உறுத்துகிறது. வட கரோலினாவில் ஹெலீனுக்குப் பின் அப்படிப்பட்ட கையகப்படுத்தல் எதுவும் நடக்கவில்லை. மாவட்டங்கள் தங்கள் பள்ளிகளைத் தாங்களே திறந்தன.

பள்ளி திறந்துவிட்டது, ஆனால் லேசாக மழை பெய்தாலே பிள்ளை அழுகிறான். இது சரியாகிவிடுமா?

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். தூக்கமின்மை, படுக்கையை நனைத்தல், பள்ளிக்குப் போக மறுத்தல் ஆகியவை நீடித்தால் பள்ளியின் ஆலோசகரைப் பாருங்கள். கட்டணம் கிடையாது. இத்தகைய உதவிக்காகக் கூட்டாட்சிக் கல்வித் துறையின் சிறப்பு மானியமும் மாவட்டங்களுக்குக் கிடைக்கக்கூடும். ‘பையனுக்கு ஒன்றுமில்லை, பயந்தாங்கொள்ளி’ என்று பிள்ளையின் எதிரிலேயே சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

‘ஏம்ப்பா, கஜா அடிச்சப்போ நம்ம ஊர்ல எவ்வளவோ சீக்கிரம் பள்ளிக்கூடம் தொறந்தாங்களே. அமெரிக்காவுல ஒரு மாசமா?’

வேதாரண்யம் பக்கத்திலிருந்து என் பெரியம்மா கேட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரை கடந்தது அவர்கள் வாசல் வழியாகத்தான். கேள்வி நியாயமானது. நம் ஊரில் ஆட்சியர் ஒருவரின் கையில் வருவாய்த்துறையும் மீட்பும் விடுமுறையும் சேர்ந்து இருக்கின்றன. கட்டளை விரைவாக இறங்கும். இங்கே அதிகாரம் சிதறிக் கிடக்கிறது. மறுபுறம், தீயணைப்புக் குழாயில் அழுத்தம் இல்லை என்பதற்காக நம் ஊரில் எந்தப் பள்ளியையும் மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. விரைவாகத் திறப்பதில் எவ்வளவு திறமை, எவ்வளவு கண்டும் காணாமையும் என்று பெரியம்மாவிடம் வாதாட எனக்குத் துணிவில்லை.

நிறையக் குடும்பங்கள் ஊரை விட்டே போய்விட்டன. பிள்ளைகள் குறைந்தால் எங்கள் பள்ளியை மூடிவிடுவார்களா?

மூடக்கூடும். பள்ளி மாவட்டத்துக்கு மாநிலம் தரும் நிதி மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. பிள்ளைகள் போனால் பணம் குறையும், ஆசிரியர் பணியிடம் குறையும், அதைக் கண்டு இன்னும் சில குடும்பங்கள் போகும். 2018 அக்டோபரில் மைக்கேல் ஹரிக்கேன் தாக்கிய ஃபுளோரிடாவின் பே கவுண்டியில் முதலில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளியும் பிற்பகலில் இன்னொரு பள்ளியுமாக நடத்திச் சமாளித்தார்கள். பிறகு மாணவர்கள் திரும்பாததால் சில பள்ளிகளை மூடவும் இணைக்கவும் நேர்ந்தது. இதைத் தடுக்க மாநிலச் சட்டமன்றத்தால் முடியும்: எண்ணிக்கை குறைந்தாலும் ஓரிரு ஆண்டுகளுக்குப் பழைய அளவிலேயே நிதி தரலாம்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தற்காலிகமாக வேறு ஊரில் இருந்தாலும் திரும்பி வரும் எண்ணம் இருந்தால், அதை மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதித் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டுக்கான ஆசிரியர் எண்ணிக்கையை வசந்த காலத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்; ஆகஸ்டில் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கும்போது வகுப்பறை இருக்கும், ஆசிரியர் இருக்கமாட்டார். கல்விக்குழுவின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பெயர் கொடுத்தால் மூன்று நிமிடம் போலப் பேச விடுவார்கள், தமிழ் உச்சரிப்பில் பேசினாலும் குறித்துக்கொள்வார்கள்.